ராஜா சாண்டோவும் கோவைப் படவுலகும்

புதுக்கோட்டையில் பிறந்து, பம்பாயில் மௌனப்படக் கதாநாயகனாகப் பிரசித்தி பெற்று, சென்னையில் தமிழ் ஜனங்களுக்கென்று சமூகக் கதைகளைப் படமாக்கிய முன்னோடி டைரக்டராக விளங்கிய பி. கே. ராஜா சாண்டோ, 1943ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கோயம்புத்தூரில் காலமானார் என்ற விஷயத்தைத் திரைப்பட சரித்திரம் எழுதியோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகின்றனர். அவர் ஏன் கோயம்புத்தூரில் இருந்தார் என்று கேட்டவர்கள் அதிகமில்லை. அவர் ஓய்வு நாடியோ, காற்று மாற்றிக்கொள்ளவோ இங்கு வந்தவரல்லர். அவருடைய தொழில் அப்பொழுது இந்த ஊரில் இருந்தது. அதனால் அவரும் இருந்தார். அந்தத் தொழில் பம்பாயை விட்டு நொய்யல் கரைக்கு வந்து சேர்ந்ததற்குரிய காரணங்களை ஆராயப் புகுவோமாயின், ஒரு தனி மனிதருடைய ஏற்ற இறக்கங்களோடுகூட, படம் எடுக்கும் இடத்தில் யாருடைய சொல் கடைசிச் சொல்லாக நிற்கவேண்டும் என்பதைப் பற்றி அக்காலத்தில் நடந்த பெரிய வழக்கொன்றும் நம் கண்ணுக்குப் புலனாகும்.

படவுலகம் தோன்றிய காலத்தில் டைரக்டர் உத்தியோகத்திற்கென்று பள்ளிக்கூடம் எதுவும் எந்தத் தேசத்திலும் கிடையாது. அமெரிக்காவில் டி. டபிள்யூ. கிரிபித், நாடக மேடையில் பெரும்பெயர் ஒன்றும் வாங்காத நடிகராக இருந்து, பிழைப்பை நாடிப் படக் கம்பெனிகளின் வாயிலை அடைந்து, எடிசன் கம்பெனியின் படமொன்றில் வேஷம் கட்டி, அது வெளிவந்த 1908ஆம் ஆண்டிலேயே பயோகிராப் கம்பெனிக்காகத் தம் முதற்படத்தையும் இயக்கிவிட்டார். அவர் 1915ஆம் ஆண்டில் எடுத்த பெரும்படத்தில், ஆபிரகாம் லிங்கனைச் சுட்டுக் கொன்ற ஜான் வில்க்ஸ் பூத்தாகத் தோன்றிய ராவுல் வால்ஷ், பின்னாளில் நடிப்பைத் துறந்து அறுபதுகள் வரையில் டைரக்டராகவே நீடித்தார். ஜான் போர்டின் தமையனாராகிய பிரான்ஸிஸ் போர்டு, தொடர்படங்களில் தாமே நடித்துத் தாமே இயக்கி, தம்பியையும் அந்தத் தொழிலில் கொண்டுவந்து சேர்த்தார். எந்த அசைவு திரையில் எடுபடும், எது எடுபடாது என்ற ஞானம், புத்தகம் படித்தவர்களைக் காட்டிலும் முன்னதாக, காமிராவின் முன்னால் நின்றும் விழுந்தும் பழகிய உடம்புகளுக்கே வாய்த்தது என்பது இந்த மூவருடைய வாழ்க்கையாலும் விளங்கும். குதிரைமேல் தாவுவதிலும் மாடியினின்று குதிப்பதிலும் வல்லவரான எட்டி போலோ போன்றோருடைய அமெரிக்கத் தொடர்படங்கள் தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் ஓடி, உடம்பின் வலிமையே கதாநாயக லட்சணம் என்ற எண்ணத்தை நம்மவரிடையிலும் ஊன்றியிருந்தன.

நாகலிங்கம் என்ற இயற்பெயரோடு, சென்ற நூற்றாண்டு பிறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்னர்ப் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்த இளைஞரொருவர், தேகப்பயிற்சியில் ஈடுபட்டு, அதனையே மூலதனமாகக் கொண்டு பம்பாய்க்குச் சென்றது இந்தச் சூழ்நிலையிலேதான். யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானிய பலசாலி 1904-05ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் சுற்றுப்பிரயாணம் செய்து காட்சிகள் நடத்தியபின், இரும்புக் குண்டு தூக்கும் வாலிபர்கள் அவர் பெயரைப் பட்டமாகத் தரித்துக்கொள்வது நம் நாட்டில் வழக்கமாயிற்று. கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் பிறந்து பின்னாளில் படமுதலாளியாக விளங்கிய சின்னப்பா தேவரும் அந்தப் பட்டத்தைச் சுமந்தவரே. திருப்பூரில் தைக்கப்படும் கையில்லாத பனியனும்கூட அந்த ஜெர்மானியர் பெயராலேயே இன்றளவும் கடைகளில் விற்பனையாகிறது. நாகலிங்கம் அந்தப் பட்டத்தோடு ராஜா என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டு, அதன்பின் அந்தப் பெயரிலேயே வாழ்ந்தார்.

பம்பாயில் எஸ். என். பாடண்கர் நடத்திய நேஷனல் பிலிம் கம்பெனியில், ஆபத்தான காட்சிகளில் நடிக்கும் பயில்வானாக அவர் தொழிலைத் தொடங்கினார். 1923ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வீர் பீம்சேன்’ என்ற படம் அவரைக் கதாநாயகராக்கிற்று. கதையின் தலைவன் பீமசேனனாக இருக்கும்பொழுது புதுக்கோட்டைத் தேகத்திற்கு வேலை கிடைத்ததில் வியப்பில்லை. வியக்கத்தக்க விஷயம் அதற்குப் பின்னர் நிகழ்ந்தது. துவாரகாதாஸ் ஸம்பத்தின் கோஹினூர் கம்பெனியில் சேர்ந்த ராஜா சாண்டோ, கதாயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டும் தொப்பியும் அணிந்துகொண்டார். ஹோமி மாஸ்டர் இயக்கிய ‘பீஸ்மி ஸதி’ என்ற 1924ஆம் ஆண்டுப் படத்தில், தெருவிலே கூவி விற்றுப் பிழைத்த ஒருவன் பம்பாய்ப் பஞ்சாலை ஒன்றின் முதலாளியாக உயர்ந்து, உயர்ந்தபின் தன் கீழ் வேலை செய்வோரை வருத்துகிறான். அந்த வேஷம் இவருடையது. பஞ்சாலைகளால் வளர்ந்த கோயம்புத்தூரில் இவர் பிற்காலத்தில் ஆலை முதலாளிகளின் பணத்தில் படம் எடுக்க வந்தார் என்பதை நினைத்தால், விதியின் நகைச்சுவை இப்படியும் இருக்குமோ என்று தோன்றுகிறது.

சந்துலால் ஷா இயக்கிய ‘டைப்பிஸ்ட் கேர்ல்’ 1926ஆம் ஆண்டிலும், ‘குணசுந்தரி’ 1927ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முன்னதில் ஸுலோசனாவும், பின்னதில் கோஹரும் கதாநாயகிகள். இரண்டிலும் ராஜா சாண்டோ முக்கிய நடிகர். ஸுலோசனா என்று திரையில் பெயர் சூடிய ரூபி மையர்ஸ், படத்தில் நடிக்க வருவதற்கு முன் டெலிபோன் இலாகாவில் வேலை செய்தவர். உத்தியோகம் பார்க்கும் யுவதியும், வீட்டுக்குள் அடைபட்டிருக்க விரும்பாத மனைவியும், அவர்களைப் புரிந்துகொள்ளாத கணவனும் திரைக்கு வந்து சேர்ந்த காலம் அது. புராணத்தைப் படமாக்குவதே சினிமாவின் இயற்கைத் தர்மம் என்று பலரும் எண்ணியிருந்த நாளில், ராஜா சாண்டோ மூன்று நான்கு வருஷம் சமகால வாழ்க்கையின் நடுவிலே நின்று நடித்தார். பின்னர்த் தாமே படம் எடுக்கப் புகுந்தபொழுது அவர் எடுத்துக்கொண்ட கதைகளின் வேர் இந்த வருஷங்களில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. குஜராத்தியும் மராத்தியும் ஹிந்துஸ்தானியும் பேசும் ஜனங்களுக்கு முன்னால் ஒரு தமிழர் கதாநாயகராக நிற்க முடிந்ததற்கு, அந்தப் படங்கள் பேசாமல் இருந்ததே காரணம். கோஹினூர் கம்பெனியார் அவரிடம் கேட்டது முகமும் நடையும் மார்பும். வாக்கைப் பற்றிய விசாரணைக்கு அங்கே இடமேயில்லை. அப்படிப்பட்ட பரந்த மண்டபம் இந்திய நடிகனுக்கு அதன்பின் ஒருநாளும் கிடைக்கவில்லை.

1928ஆம் ஆண்டில் ‘ஸ்நேஹ ஜோதி’ என்ற படத்தை இயக்கிப் பம்பாயில் டைரக்டராகிய ராஜா சாண்டோவை, ஆர். பத்மநாபன் தாம் சென்னையில் தொடங்கிய அஸோஸியேட்டட் பிலிம்ஸ் கம்பெனிக்காக அழைத்துக்கொண்டார். தென்னாட்டில் அதற்கு முன்னர்ப் படம் எடுக்கப்படவில்லை என்று கொள்ளலாகாது. நடராஜ முதலியார் ‘கீசக வத’த்தை எடுத்துப் பத்து ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது, ரகுபதி பிரகாஷும் ஏ. நாராயணனும் இடைவிடாமல் உழைத்துக்கொண்டிருந்தனர். ஆனால் அவர்களுடைய முயற்சிகளில் பெரும்பான்மை புராண இதிகாசங்களைச் சுற்றியே நின்றது. ராஜா சாண்டோவின் வருகைக்குப்பின் 1930, 1931ஆம் ஆண்டுகளில் ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’, ‘அநாதைப் பெண்’, ‘ராஜேஸ்வரி’ முதலிய படங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. ‘அநாதைப் பெண்’ வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலைத் தழுவியது. தம் காலத்தில் விற்பனையிலும் வாசகர் கூட்டத்திலும் முன்னணியில் நின்ற ஒரு பெண் நாவலாசிரியரின் கதையைத் திரைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதே ஒரு தீர்க்க திருஷ்டி. பின்னால் வந்த படமுதலாளிகள் நாவலாசிரியர் வீடுகளைத் தேடிச்சென்ற பாதையை இவரும் பத்மநாபனும் திறந்துவைத்தனர். ‘நந்தனார்’ கதையோ பழையது. தீண்டாமையைப் பற்றி நாடெங்கும் விவாதம் எழுந்திருந்த 1930ஆம் ஆண்டில் அதற்கு வேறொரு பொருள் ஏறியிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

‘ராஜேஸ்வரி’யில் நடித்த டி. பி. ராஜலக்ஷ்மி, 1931 அக்டோபரில் வெளிவந்த ‘காளிதாஸ்’ மூலம் தமிழ்ப் பேச்சைத் திரையில் முதன்முதல் கேட்கச் செய்தவர். அஸோஸியேட்டட் பிலிம்ஸில் ராஜா சாண்டோவுக்கு அருகிலிருந்து கதை அமைப்பிலும் படப்பிடிப்பிலும் உதவிய வக்கீல் கே. சுப்பிரமணியம், 1934ஆம் ஆண்டில் ‘பவளக்கொடி’ எடுத்து எம். கே. தியாகராஜ பாகவதரையும், 1941ஆம் ஆண்டில் ‘கச்ச தேவயானி’ எடுத்து டி. ஆர். ராஜகுமாரியையும் ஜனங்களிடையே கொண்டுவந்து நிறுத்தினார். ஒருவரை முன்னோடி என்று சொல்வதற்கு அவர் எடுத்த படங்களின் ஜாபிதாவைக் காட்டிலும், அவரிடம் பழகிய மனிதர்கள் பின்னர் என்ன செய்தார்கள் என்ற கணக்கே நம்பத்தக்க சான்றாகும். இந்தக் கணக்கை நாம் பின்னாலும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவருடைய தொழில் முறையைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் சொல்வதில் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் கலந்திருக்கின்றன. மிகுந்த கண்டிப்புக்காரர், நடிப்பு சரியாக அமையாவிட்டால் கடுஞ்சொல் பேசுவார், கைநீட்டவும் தயங்கமாட்டார், ஆண் பெண் என்ற வித்தியாசமும் பார்ப்பதில்லை என்பது பரம்பரையாக வந்த செய்தி. நாடகக் கம்பெனி வாத்தியார்களின் பிரம்படிக்குப் பழகியிருந்த அந்தத் தலைமுறை நடிகர்கள் இதைப் பெரிய அநீதியாகக் கொள்ளாமல் இருந்திருக்கலாம். அதனால் அது நியாயமாகிவிடாது. தேகப்பயிற்சிக் கூடத்தின் ஒழுங்கை ஸ்டுடியோவுக்குள் அப்படியே கொண்டுவந்தவருக்கு, பிறருடைய உடம்பும் தம்முடைய உடம்பைப் போலவே ஆணைக்குக் கட்டுப்பட வேண்டிய கருவியாகத் தோன்றியிருக்க வேண்டும். மௌனப்படத்தில் அந்தக் கருவியைத் தவிர டைரக்டருக்கு வேறு சாதனமும் இல்லை. காதல் காட்சிகளில் நாயகனும் நாயகியும் எட்டி நின்று கைகூப்புவதை அவர் ஏற்கவில்லை. நெருங்கி நிற்கச் செய்தார். அத்தகைய காட்சிகள் தம் படத்தில் உண்டு என்று விளம்பரம் செய்வதற்கும் கூசவில்லை. பம்பாயில் ஸுலோசனாவோடும் கோஹரோடும் நடித்துப் பழகியவருக்கு இது சாமானியம். மயிலாப்பூரிலும் திருச்சியிலும் இது சாமானியமாக இருந்திராது.

பேசும்படம் வந்தது. உலகமெங்கும் மௌன நடிகர்கள் பலரை அது வீழ்த்தியதுபோல் ராஜா சாண்டோவை வீழ்த்தவில்லை. அவர் பம்பாய்க்குத் திரும்பி, ஹிந்தி டாக்கிகளில் நடித்தார். நந்தலால் ஜஸ்வந்த்லால் இயக்கி 1934ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இந்திரா எம். ஏ.’ என்ற படத்தில் ஸுலோசனாவோடு மீண்டும் தோன்றினார். ஆனாலும் மண்டபம் சுருங்கிவிட்டது என்பதை அவர் அறிந்திருப்பார். தமிழ் டாக்கியில் அவருக்கு இருந்த இடம் டைரக்டர் ஸ்தானந்தான். பாடத் தெரிந்தவனே கதாநாயகன் என்று தமிழ் ஜனங்கள் அதற்குள் தீர்ப்புக் கூறியாயிற்று.

1935ஆம் ஆண்டில் அவர் இயக்கிய ‘மேனகா’ இந்தக் காலத்தின் மிக முக்கியமான தமிழ்ப்படம் என்று துணிந்து கூறலாம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை டி. கே. எஸ். சகோதரர்கள் நாடகமாக நடத்திவந்தனர்; அந்தக் குழுவினர் அனைவரையும் பம்பாய்க்கு அழைத்துச் சென்று, ரஞ்சித் ஸ்டுடியோவில் வைத்துப் படமெடுத்தனர் சண்முகானந்தா டாக்கீஸார். தென்னாட்டில் ஒலிப்பதிவு வசதியுடைய ஸ்டுடியோ 1934ஆம் ஆண்டில்தான் சென்னையில் தோன்றிற்று. அதற்கு முன்னும், அதன்பின் சில வருஷங்கள் வரையிலும், தமிழ்ப் படமென்றால் நடிகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் சமையற்காரரும் மூட்டை முடிச்சுகளோடு ரெயிலேறிப் பம்பாய், கல்கத்தா, பூனா, கோலாப்பூர் என்று போய்வருவதே முறையாக இருந்தது. அங்கே போய் இறங்கிய நாடகக்காரர்களுக்கு, தமிழும் தெரிந்து, ஸ்டுடியோவின் ஒவ்வொரு மூலையும் தெரிந்து, அந்த ஊர்க் காமிராக்காரனிடம் அவன் பாஷையிலே பேசவும் தெரிந்த ராஜா சாண்டோ எவ்வளவு பெரிய துணையாக இருந்திருப்பார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். டி. கே. சண்முகம் பிற்காலத்தில் எழுதிய தம் நாடக வாழ்க்கை வரலாற்றில் இந்தப் பம்பாய் அனுபவத்திற்கும் இடமளித்திருக்கிறார். புராண வேஷங்களின்றி, நம் வீடுகளில் நடமாடுவோரைப் போன்ற பாத்திரங்களைக் கொண்டு ஒரு டாக்கி வெற்றிபெறக்கூடும் என்று ‘மேனகா’ நிரூபித்தது. என். எஸ். கிருஷ்ணனைத் திரையில் ஜனங்கள் முதலில் பார்த்ததும் இந்தப் படத்தில்தான்.

அடுத்த ஆண்டு வந்த ‘சந்திரகாந்தா’ ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது; போலி மடாதிபதியின் லீலைகளை அம்பலப்படுத்துவது அதன் விஷயம். பி. யு. சின்னப்பாவுக்கு அது முதற்படம். சின்னப்பாவும் புதுக்கோட்டைக்காரர், சிலம்பமும் பளு தூக்குவதும் பயின்றவர் என்பதைப் பார்க்கும்பொழுது, தம் வாலிபத்தின் சாயலையே ராஜா சாண்டோ அவரிடம் கண்டாரோ என்று நினைக்க இடமுண்டு. வித்தியாசம் யாதெனில், சின்னப்பாவுக்குப் பாட்டும் வந்தது.

இனிக் கோயம்புத்தூருக்கு வருவோம். போத்தனூரில் வசிக்கும் நான் இந்த ஊரின் பெருமையை வலிந்து புகுத்துவதாக எவரும் எண்ண வேண்டியதில்லை. படத் தொழிலின் கதையில் ரெயில்பாதைக்கு உள்ள பங்கு அவ்வளவு பெரிது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற இருப்புப்பாதை 1862ஆம் ஆண்டில் போத்தனூர் வழியாகவே போயிற்று. பிரதான நிலையம் இங்கே அமைய, கோயம்புத்தூர் நகரமோ 1873ஆம் ஆண்டில் மேட்டுப்பாளையத்திற்குப் போடப்பட்ட கிளைப்பாதையின் மேல் ஒரு நிலையமாக இடம்பெற்றது. சென்னையும் மலையாளமும் நீலகிரியும் கூடும் இடமாக இந்த வட்டாரம் ஆனமையால், படப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் தொழிலுக்கு இதைவிட வாய்ப்பான மையம் தென்னாட்டில் வேறு கிடைப்பது அரிது. கோயம்புத்தூரில் பிறந்து, திருச்சியில் தென்னிந்திய ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் தூப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை உதறி, வடமேற்கு எல்லை வரையில் கூடாரக் கொட்டகை போட்டுக் காட்டிவிட்டு, 1914ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான தியேட்டரைக் கட்டினார். 1933ஆம் ஆண்டில் கல்கத்தாக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து அவர் எடுத்த ‘வள்ளி திருமணம்’ நல்ல வசூலைத் தந்தது.

அதே சமயத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தது. 1888ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரை முதலியோர் முயற்சியால் தொடங்கிய பஞ்சாலைத் தொழில், இந்த மின்சாரத்தால் முப்பதுகளில் பலமடங்கு பெருகிற்று. ஆலைகளில் ஈட்டிய பணம் புதுத் துறைகளை நாடிற்று. படத்துக்கு வேண்டிய ஒளியும் அதே கம்பியில் வந்தது. பி. ரங்கசாமி நாயுடு, எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு, சாமிக்கண்ணு வின்சென்ட் முதலியோர் பங்குகொண்டு சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவை ஏற்படுத்தினர். புலியகுளத்தில் பிரிமியர் சினிடோன் தோன்றிற்று. பம்பாய்க்கு ரெயிலேறிக்கொண்டிருந்த தமிழ்ப் படக்காரர்கள் கொங்கு நாட்டிலேயே இறங்கிக்கொள்ளத் தலைப்பட்டனர். ‘மேனகா’வைத் தயாரித்த கூட்டத்தில் இருந்த சோமசுந்தரமும் மொகைதீனும் தொடங்கிய ஜூபிடர் கம்பெனி, நாற்பதுகளில் சென்ட்ரல் ஸ்டுடியோவிலேயே குடியேறிப் படங்கள் எடுத்தது. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் குண்டு போடுவர் என்ற பீதியால் சென்னை காலியானபொழுது, கடலுக்கு வெகுதூரத்திலிருந்த இந்த ஸ்டுடியோக்களின் மதிப்பு இன்னும் ஏறிற்று.

இதற்கிடையில் ராஜா சாண்டோ, 1939ஆம் ஆண்டில் பாகவதரை வைத்துத் ‘திருநீலகண்டர்’ என்ற படத்தை இயக்கியிருந்தார். இளங்கோவன் வசனம், பாபநாசம் சிவன் பாட்டு, பாகவதரின் கண்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த வெற்றி அது. பத்தாண்டுகளுக்கு முன்னர் புராணத்தை விட்டு நகரச் சமூகத்தை நோக்கி நடந்தவர், பாட்டின் பலவந்தத்தால் மீண்டும் நாயன்மாருடைய சந்நிதிக்கே திரும்ப நேர்ந்தது. 1942ஆம் ஆண்டில் மனுநீதிச் சோழன் கதையாகிய ‘ஆராய்ச்சி மணி’யையும் இயக்கினார். சமூகப் படத்தின் முன்னோடி என்று அவரைப் போற்றுவோர் இந்தப் பிற்காலப் படங்களைப் பற்றிப் பேசாமல் நழுவிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். டைரக்டர் தம் இஷ்டப்படி விஷயத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் அப்பொழுதே அவர் கையை விட்டுப் போய்விட்டது என்பதை ஒப்புக்கொண்டால் நழுவ வேண்டிய அவசியம் இராது.

‘சிவகவி’ இந்த இடத்தில்தான் வருகிறது. சிவபெருமானையன்றிப் பிறரைப் பாடேன் என்று முருகனையும் பாட மறுத்த பொய்யாமொழிப் புலவரின் கதை. ஸ்ரீராமுலு நாயுடுவின் தயாரிப்பு. சென்ட்ரல் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு. பாகவதர் புலவராகவும், எஸ். ஜெயலக்ஷ்மி அவர் மனைவியாகவும், டி. ஆர். ராஜகுமாரி வஞ்சி என்ற நர்த்தகியாகவும் நடிக்க, என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் ஹாஸ்யத்தை ஏற்றனர். முன்னே ஒத்திவைத்த கணக்கை இப்பொழுது எடுத்துப் பார்க்கலாம். பாகவதரையும் ராஜகுமாரியையும் ஜனங்களுக்குக் காட்டியவர் ராஜா சாண்டோவிடம் தொழில் பழகிய சுப்பிரமணியம். கிருஷ்ணனை முதலில் காட்டியவர் ராஜா சாண்டோவே. தாமும் தம்மிடம் பழகியவரும் உண்டாக்கிய ஓர் உலகம் முழுவதும் சிங்காநல்லூரின் ஒரு கூரையின்கீழ்க் கூடியிருக்க, அதன் நடுவில் டைரக்டராக நின்றார் அவர். அந்த இடத்தில்தான் அவருடைய சொல் செல்லாமற் போயிற்று. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்பொழுதே கருத்து வேற்றுமை முற்றி, அவர் விலக, ஸ்ரீராமுலு நாயுடு தாமே டைரக்ஷன் பொறுப்பை ஏற்றுப் படத்தை முடித்தார். 1943 ஏப்ரலில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது ‘சிவகவி’. அதே ஆண்டு நவம்பரில் ராஜா சாண்டோ மறைந்தார்; ஐம்பது வயது நிரம்பவில்லை.

இந்தப் பிணக்கை இரு மனிதர்களுடைய கோபதாபங்களாகக் கொண்டு ஒருவரை நல்லவராகவும் மற்றவரைக் கெட்டவராகவும் சித்திரித்தல் எளிது. நான் அப்படிக் கொள்ளவில்லை. மௌனப்படக் காலத்தில் டைரக்டர் ஒருவரே ஆசான். நடிகரைக் கையைப் பிடித்து நடத்துவதும், காமிராவை வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பதும், கோபித்துக்கொள்வதும் அவர் உரிமை. டாக்கிக் காலத்தில் படத்தின் விலை பாடகருடைய குரலில் இருந்தது. அந்தக் குரலை அமர்த்துவதற்கு வேண்டிய பணமும், விளக்கும், கூரையும், ஒலிப்பதிவு யந்திரமும் ஸ்டுடியோ முதலாளியிடம் இருந்தன. பாகவதரைப் போன்ற ஒரு நடிகரிடம் தேகப்பயிற்சி ஆசானின் அதட்டல் செல்லுபடியாகுமென்று எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு. ஸ்ரீராமுலு நாயுடு பணப்பெட்டியின் சாவியை மட்டும் வைத்திருந்த முதலாளி அல்லர். படத் தொழிலின் ஒவ்வோர் அங்கத்தையும் கற்றுத் தேர்ந்தவர். முதலாளியே டைரக்டர் வேலையையும் அறிந்துகொண்ட இடத்தில், வெளியிலிருந்து வந்த டைரக்டர் எவ்வளவு மூத்தவராயினும் அவசியமற்றவராகிவிடுகிறார்.

அவர் காலம் முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வதும் சரியாகாது. பம்பாய் மௌனப்படங்களில் நடித்துப் பின்னர் டைரக்டரான இன்னொருவர், மங்களூர்க்காரராகிய சுந்தர் ராவ் நட்கர்னி. 1944ஆம் ஆண்டில் அதே பாகவதரையும் அதே ராஜகுமாரியையும் வைத்து ‘ஹரிதாஸ்’ படத்தை இயக்கினார். மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று இன்றும் அது பேசப்படுகிறது. ஆகவே நடிகராக இருந்து டைரக்டரானவருக்குத் தமிழ்ப் படவுலகில் இடமே இல்லாமற் போகவில்லை; நடிகருக்கும் முதலாளிக்கும் விட்டுக்கொடுத்துப் பழகியவருக்கு இடம் இருந்தது. புதுக்கோட்டைக்காரருக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

தமிழக அரசு திரைத்துறையில் சிறந்த சேவை செய்தோருக்கு அளிக்கும் விருதொன்றுக்கு ராஜா சாண்டோவின் பெயரைச் சூட்டியிருக்கிறது. தென்னிந்திய மௌனப்படங்களுள் எஞ்சிநிற்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே என்பதால், அவர் சென்னையில் எடுத்த ‘பேயும் பெண்ணும்’ முதலியவற்றை நாம் பார்ப்பதற்கு வழியில்லை. ‘சிவகவி’ இருக்கிறது, அதில் எந்தக் காட்சி அவர் கையால் அமைந்தது, எது நாயுடுவின் கையால் அமைந்தது என்று பிரித்துச் சொல்ல முற்படுகிறவர்கள் தம் கண்ணைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. ஆயினும், நடிகர்கள் பாடாமல் நிற்கும் சிறு சிறு இடங்களில், முகத்தையும் தோளையும் கொண்டு கதை நகர்கிறதா என்று பார்ப்பது ஆராய்ச்சியாளருக்கு நல்ல பயிற்சி.

நாயுடு பின்னர் புலியகுளத்து ஸ்டுடியோவைப் பெற்று அதற்குப் பட்சிராஜா என்று பெயரிட்டார். 1954ஆம் ஆண்டில் எம். ஜி. ராமச்சந்திரனை வைத்து ‘மலைக்கள்ளன்’ எடுத்து, அந்தக் கதையையே பல பாஷைகளில் படமாக்கினார். ஹிந்தியில் அது 1955ஆம் ஆண்டில் ‘ஆஸாத்’ என்று வந்தபொழுது, திலீப் குமாரும் மீனா குமாரியும் பம்பாயிலிருந்து ரெயிலோ விமானமோ ஏறிக் கோயம்புத்தூருக்கு வந்து நடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினர். தமிழ் நாடகக்காரர்களைப் பம்பாய் ஸ்டுடியோவில் ராஜா சாண்டோ வரவேற்று இருபது வருஷங்கள்தாம் ஆகியிருந்தன. அந்த இருபது வருஷத்தின் பிற்பாதியில் அவருக்குப் பங்கில்லை. அது முழுவதும் கொங்கு நாட்டு முதலாளிகளின் சாதனை.